மூன்று தடவையும் ஒரே எண் வந்தால் அது சரியான எண்ணா?

மே 11, காலை 9.40 (கேள்வி)

அம்மாவுக்கு வீட்டு சுகர் மெஷினில் வெறும் வயிற்றில் பார்த்தோம். 141. சந்தேகமாக இருந்ததால் உடனே இன்னொரு ஸ்ட்ரிப் போட்டேன், 144. மூன்றாவது தடவை 142. அன்றைக்கே லேபில் ரத்தம் கொடுத்தோம், ரிப்போர்ட்டில் 126. மெஷின் மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கிறது. லேபில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்கள். அப்படியென்றால் லேப்தானே தப்பு? அளவு கருவிகளோடு பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

மே 11, இரவு 10.15

இருபத்தெட்டு வருடம் தரக்கட்டுப்பாட்டில், மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியோடு குடித்தனம் நடத்தியவன் நான். மூன்று தடவை ஒரே எண் வந்தால் மெஷின் பிடிவாதக்காரன் என்று தெரிகிறது. அவ்வளவுதான் தெரிகிறது.

எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். பத்து முழம் வாங்கினால் பத்தும் ஒரே நீளம், ஓர் அரும்புகூட முன்னே பின்னே இருக்காது. ஆனால் அவர் கை குட்டை. வீட்டுக்கு வந்து என் மனைவி தன் கையால் அளந்தால் ஒன்பதரைதான் நிற்கும். நூறு தடவை வாங்கினாலும் அதே அரை முழம் போய்க்கொண்டேதான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. 19.98-லிருந்து 20.00 மி.மீ. வரை அனுமதி உள்ள பின்கள். எடுத்ததெல்லாம் 20.01. பத்துத் தடவை அளந்தேன், ராட்செட்டைத் திருகிப் பார்த்தேன், வேறு பின் எடுத்தேன், 20.01. பெருமையாக அறுபது பின்களுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து ரிஜெக்ட் தட்டில் வைத்துவிட்டேன். ஃபோர்மேன் வந்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த மைக்ரோமீட்டரை வாங்கி, இடையில் எதையும் வைக்காமல் மூடினார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு கோடு தள்ளி நின்றது. 0.02. முகப்பில் காய்ந்துபோன எண்ணெய்ப் பிசுக்கு. வேட்டித் துணியால் துடைத்து மறுபடி மூடினார், பூஜ்யம். பின்கள் எல்லாம் 19.99. அறுபது பின்னிலும் பெயின்டை நானே தின்னர் போட்டுத் துடைத்தேன்.

உங்கள் மெஷினிலும் இப்படி ஏதோ பிசுக்கு இருக்கிறது என்பதுதான் என் ஊகம். லேபை நம்புங்கள்.

மே 12, காலை 6.30

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் மெஷின் தலையில் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் காபி குடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயம் இல்லை.

வீட்டு மெஷின்களுக்கென்று ஐஎஸ்ஓ தரம் இருக்கிறது, எண் 15197, 2013-ல் வந்த பதிப்பு. சர்க்கரை 100-க்கு மேல் இருந்தால், நூற்றில் 95 அளவீடுகள் லேப் மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். 100-க்குக் கீழே என்றால் 15 அலகு. உங்கள் அம்மாவின் 126-க்கு 15 சதவீதம் 18.9. அதாவது 107-லிருந்து 145 வரை எது காட்டினாலும் அந்த மெஷின் தன் வேலையைச் செய்துவிட்டதாக அர்த்தம். உங்கள் 141, 144, 142 மூன்றும் உள்ளேதான் இருக்கின்றன. ஓரத்தில் தொற்றிக்கொண்டு நிற்கின்றன, ஆனால் உள்ளே.

லேபை நம்புங்கள் என்றதும் பாதி தப்பு. ரத்தத்தைக் குழாயில் எடுத்து அப்படியே வைத்தால் அதில் இருக்கும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அறை வெப்பத்தில் மணிக்கு 5-லிருந்து 7 சதவீதம் வரை குறையும். அதற்காகத்தான் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு குழாய். அந்த மருந்தும் போட்டவுடனே முழுசாக வேலை செய்யாது, சிறிது நேரம் எடுக்கும். உங்கள் குழாய் சாதாரணக் குழாயாக இருந்து ஒரு மணி நேரம் மேசையில் கிடந்திருந்தால், உடம்பில் இருந்தது 134 என்றும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் 126 என்று தடித்த எழுத்தில் அடித்துக் கொடுப்பார்கள், ± (இவ்வளவு கூடக்குறைய) என்று ஒன்றும் போட மாட்டார்கள். அச்சடித்த எண்ணுக்கு ஒரு மவுசு.

வெறும் வயிற்றில் 126-தான் சர்க்கரை நோய்க்கான கோடு என்பதையும் நினைவில் வையுங்கள். சரியாகக் கோட்டின் மேல் நிற்கிற எண். டாக்டர்கள் இன்னொரு நாள் திரும்பப் பார்க்கச் சொல்வது சும்மா இல்லை.

மூன்று விஷயம் சொல்லுங்கள்: மூன்று தடவையும் ஒரே விரலா? கை கழுவினாரா? வீட்டில் பார்த்ததற்கும் லேபுக்கும் நடுவில் எவ்வளவு நேரம்?

மே 12, மதியம்

திரும்பத் திரும்ப ஒரே எண் வருவதற்கும் சரியான எண் வருவதற்கும் தனித்தனிப் பெயர் சொல்லாமல் குழப்புவதாக ஒருவர் திட்டியிருக்கிறார். நியாயம்தான். பதினோராம் வகுப்புப் பாடத்தில் உண்மை மதிப்புக்கு எவ்வளவு பக்கம் என்பது துல்லியத்தன்மை, ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம் என்பது நுட்பம். பட்டறையில் இந்த இரண்டு வார்த்தையையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "ரிப்பீட் ஆகுது, ஆனா ஜீரோ அவுட்" என்போம். பூக்காரம்மா நுட்பமானவர், துல்லியமானவர் இல்லை. இதை அவரிடம் சொல்லப்போவதில்லை, நாளைக்கும் பூ வேண்டும்.

மே 13, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. நேற்றிலிருந்து ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. என் அறுபது பின் கதையின் பெரியண்ணன் அது.

2.4 மீட்டர் விட்டமுள்ள ஆடி. அதைப்போல வழவழப்பாக அதுவரை யாரும் தேய்த்ததில்லை. 1990 ஏப்ரலில் மேலே அனுப்பினார்கள். படம் வந்தால் நட்சத்திரத்தைச் சுற்றிப் புகை. ஆடி தப்பான வடிவத்தில் இருந்தது, மிக நேர்த்தியாகத் தப்பான வடிவத்தில். ஓரம் 2.2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. அது போதும் கெடுப்பதற்கு.

தேய்த்தவர்கள் மேல் குறை இல்லை. அவர்கள் வழிகாட்டியாக வைத்திருந்த சோதனைக் கருவி சொன்னபடியே தேய்த்தார்கள், பிசகில்லாமல். அந்தக் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதன் இடத்தைக் குறிக்க ஓர் அளவுக்கோல் கம்பி. கம்பியின் நுனியில் ஒளி பட்டுத் திரும்பும் இடத்தை வைத்து அளக்க வேண்டும். நுனிக்கு மேல் ஒரு மூடி, தவறான இடத்தில் ஒளி படாமல் இருக்க அதற்குக் கறுப்புப் பெயின்ட். அந்தப் பெயின்ட் துளியூண்டு உரிந்திருந்தது. ஒளி கம்பியின் நுனியில் படாமல் மூடியின் மேலேயே பட்டுத் திரும்பியது. லென்ஸை அந்த இடத்துக்குக் கொண்டுபோகத் திருகு எட்டவில்லை என்றதும் வாஷர் செருகி இறக்கியிருக்கிறார்கள். அந்த வாஷரை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. நானும் செருகியிருப்பேன். பட்டறையில் வளர்ந்த எவனும் செருகுவான். எட்டவில்லை என்றால் ஏன் எட்டவில்லை என்று கேட்க வேண்டிய இடம் அது.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. வேறு இரண்டு எளிய கருவிகளால் அதே ஆடியைப் பார்த்தபோது ஏதோ சரியில்லை என்று அவை காட்டின. அவை நுட்பம் குறைந்தவை, நம்முடையதுதான் உயர்ந்த கருவி என்று அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். கை நீளமான ஆள் முழம் போட்டுச் சொல்லியும் "நீ கோணலாகப் பிடிக்கிறாய்" என்று பூக்காரம்மாவையே நம்பிய கதை.

1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய், அந்தத் தப்புக்கு நேர் எதிரான தப்பைச் செய்யும் ஒளிக்கருவிகளைப் பொருத்தினார்கள். சரியாகிவிட்டது. ஆடி எவ்வளவு தப்பு என்பது அவ்வளவு சுத்தமாகத் தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. தேய்த்தவர்களின் கைநேர்த்தி கடைசியில் உதவத்தான் செய்தது.

மே 14, காலை

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். மூன்றும் ஒரே விரல். வீட்டில் பார்த்தது ஏழு மணிக்கு, லேபில் ஒன்பதேகாலுக்கு. ஏழு மணிக்குச் சற்று முன்னால் அம்மா பேத்திக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டியிருக்கிறார்.

அம்மாவின் சர்க்கரையோடு பங்கனபள்ளியின் சர்க்கரையும் சேர்ந்துதான் 142.

மூன்று தடவை பார்த்தேன் என்றாரே, அது மூன்று இல்லை. அதே விரல், அதே மாம்பழச் சாறு, அதே ஸ்ட்ரிப் டப்பா, அதே மெஷின். மூன்று சாட்சி என்று கூட்டிவந்து மூன்று பேரும் ஒரே ஆளிடம் கேட்டதைச் சொன்ன மாதிரி.

மே 14, இரவு

"நிறையத் தடவை அளந்து சராசரி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், அதுதானே புள்ளியியல்" என்று ஒரு தம்பி சண்டைக்கு வந்திருக்கிறார். இப்படியும் அப்படியும் தாறுமாறாக விழுகிற பிழைக்கு அது சரி. நூறு தடவை அளந்தால் சராசரியின் தள்ளாட்டம் பத்தில் ஒன்றாகிவிடும். ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழைக்கு நூறு தடவை என்பது நூறு தடவை அதே தப்பு.

பரங்கிமலைக்குப் பக்கத்தில் 1802-ல் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையாகத் தரையில் அளக்கும் நேர்கோடு) அளந்தார், இந்தியா முழுக்க முக்கோணம் போட்ட நில அளவைக்கு ஆரம்பம். ஏழரை மைல். கையில் நூறடி எஃகுச் சங்கிலி, சீன அரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்துசேர்ந்த சங்கிலி. மெட்ராஸ் வெயிலில் எஃகு நீளும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு நூறடிச் சங்கிலி சுமார் 0.35 மி.மீ. நீளும். காலையில் ஒரு சூடு, பகலில் ஒரு சூடு, பத்து டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். ஒரு சங்கிலிக்கு மூன்றரை மில்லிமீட்டர். யாருக்குக் கவலை? ஆனால் ஏழரை மைலுக்கு அந்தச் சங்கிலியை 396 தடவை போட வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 1.4 மீட்டர். தம்பி சொல்கிற சராசரி இங்கே எதையும் காப்பாற்றாது, ஒவ்வொரு தடவையும் அதே பக்கம் கூடிக்கொண்டே போகும்.

லாம்டன் அதனால்தான் சங்கிலியை வெறும் தரையில் இழுக்கவில்லை. மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலி மேல் மட்டமாக வைத்து, வெயில் படாமல் மறைத்து, கூடவே தெர்மாமீட்டர்களும் வைத்தார். சூட்டைத் தடுக்க முடியாவிட்டாலும் எவ்வளவு சூடு என்று தெரிந்தால் கழித்துவிடலாம். பிழைக்கும் நிச்சயமின்மைக்கும் வித்தியாசம் கேட்டிருந்தாரே ஒருவர், அது இதுதான். எவ்வளவு என்று தெரிந்ததைக் கழித்துவிடுகிறோம். கழித்த பிறகும் தெரியாமல் மிஞ்சுகிறதே, அதற்குத்தான் ±.

அதோடும் விடவில்லை மனுஷன். முக்கோணங்களைக் கோத்துக்கொண்டே பெங்களூருக்குப் போய், அங்கே தன் ஆட்களை வைத்து இன்னோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்தார். மெட்ராஸிலிருந்து கணக்கில் வந்த நீளமும், தரையில் அளந்த நீளமும் அங்குலக் கணக்கில்தான் வித்தியாசப்பட்டன. வேறு வழியாக வந்து அதே இடத்தைத் தொட்டார்.

இதே லாம்டனின் அரை டன் தியோடலைட், கோணம் அளக்கும் கருவி, 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கியது. தானே பிரித்து ஆறு வாரத்தில் நிமிர்த்திவிட்டார்.

மே 15

"நசுங்கின கருவியை நிமிர்த்தி அளந்தால் அதை எப்படி நம்புவது?" நல்ல கேள்வி. எங்கள் வீடு கட்டிய கொத்தனார் பதில் வைத்திருந்தார்.

புது ரசமட்டம் வாங்கிக் கொடுத்தேன். அவர் அதைத் திண்ணையில் வைத்தார், குமிழியைப் பார்த்தார். பென்சிலால் இரு முனையிலும் கோடு போட்டார். அப்புறம் மட்டத்தை அப்படியே தலைமாற்றி, அதே கோட்டுக்குள் வைத்தார். முதலில் வலப்பக்கம் ஒரு நூல் தள்ளி நின்ற குமிழி இப்போதும் வலப்பக்கமே நின்றது. "திண்ணைதான் கோணல் சார், மட்டம் நல்லாருக்கு." திருப்பினதும் குமிழி இடப்பக்கம் போயிருந்தால் மட்டம் கோணல். வேறு மட்டம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, ஒரு கருவியை வைத்தே அதன் பொய்யைப் பிடித்துவிட்டார். தியோடலைட்காரர்களும் இதையேதான் செய்வார்கள், தொலைநோக்கியை மறுமுகம் திருப்பி இன்னொரு தடவை அதே புள்ளியைப் பார்த்து இரண்டுக்கும் நடுவை எடுப்பார்கள். தட்டுத் தராசில் எடையையும் பொருளையும் தட்டு மாற்றி நிறுப்பதும் இதே வித்தை.

தம்பிக்கு ஒரு திருத்தம்: சராசரி எதையும் காப்பாற்றாது என்றேன். திருப்பி வைத்து எடுத்த இரண்டின் சராசரி காப்பாற்றும். அதே மாதிரி நூறு தடவை எடுத்தது காப்பாற்றாது.

மே 17

எவரெஸ்ட் கதையை யாரோ கொண்டுவந்துவிட்டார்கள், வராமல் இருக்காது. 1856-ல் அறிவித்த உயரம் 29,002 அடி. கணக்கில் வந்த சராசரி மொட்டையாக 29,000 என்றும், அப்படியே சொன்னால் குத்துமதிப்பு என்று நினைத்துவிடுவார்கள் என்று இரண்டடி சேர்த்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்த இரண்டடி பாவம். நூறு மைலுக்கு அப்பால் சமவெளியிலிருந்து பார்த்து எடுத்த அளவு, நடுவில் காற்று ஒளியை வளைக்கிறது. 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து சொன்னது 8848.86 மீட்டர், அடியில் சுமார் 29,032. விட்டுப்போனது முப்பதடி. இரண்டடி எந்த மூலைக்கு?

அந்த இரண்டடி சேர்த்ததை முதலில் பொய் என்று எழுதி அழித்துவிட்டேன். ஜனங்களுக்கு ± புரியாது, கடைசி இலக்கத்தைப் பார்த்துத்தான் நம்புவார்கள். பால்காரர் "சுமார் 1,500 ஆச்சு" என்றால் முறைக்கிறோம், "1,487" என்றால் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

மே 19, இரவு

ஒரு பாவமன்னிப்பு. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

சென்னையில் கல்லூரி முதலாண்டு, ஊசல் சோதனை. ஒரு மீட்டர் நூல், குண்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை வினாடி. வகுப்பில் நாற்பது பேருக்கும் புவியீர்ப்பு முடுக்கம் (செ.மீ., வினாடிக் கணக்கில்) 981 வந்தது. எல்லோரும் பாஸ். எனக்கு முதலில் 974 வந்தது, இன்னொரு தடவை செய்தேன், 986. நேரத்தைச் "சரிபார்த்து" எழுதியதும் 981.

சென்னையில் அது 981 கிடையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் 978.3-தான். நாற்பது பேரும் சேர்ந்து வேறு ஊரின் எண்ணை அளந்து காட்டியிருக்கிறோம். இருபது ஆட்டத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 0.06 வினாடிக்கும் குறைவு, ஸ்டாப்வாட்சை அழுத்தும் கட்டைவிரல் அதைவிட அதிகம் தடுமாறும். 980 ± 6 என்று எழுதியிருந்தால் அது உண்மை. அப்படி எழுதினால் மார்க் போய்விடும்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. ஒளியின் வேகத்துக்கு இயற்பியலாளர் மைக்கெல்சன் 1926-ல் சொன்னது வினாடிக்கு 299,796 கி.மீ. அவர் ஆரம்பித்து, இறந்த பிறகு மற்றவர்கள் முடித்த ஒரு மைல் நீள வெற்றுக்குழாய்ச் சோதனை 1935-ல் சொன்னது 299,774. பிறகு சில வருடம் வந்ததெல்லாம் அந்தப் பக்கத்திலேயே. 1941-ல் பிர்ஜ் என்ற இயற்பியலாளர் எல்லாவற்றையும் அலசி 299,776, கூடக்குறைய 4 என்றார். 1950-ல் எஸ்ஸென் என்ற இயற்பியலாளர் நுண்ணலையை வைத்து வேறு வழியில் அளந்து 299,792.5 என்றதும் கூட்டம் கலைந்தது. 1983-லிருந்து அது 299,792.458 என்று வரையறையே ஆகிவிட்டது. பிர்ஜின் எண் தன் ±-ஐப் போல நான்கு மடங்கு தள்ளி இருந்திருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. எதிர்பார்த்த எண் வந்ததும் பிழை தேடுவதை நிறுத்திவிடுகிறோம், வராவிட்டால் இராப்பகலாய்த் தேடுகிறோம். 974 வந்த அன்று நான் நூலைத் திரும்ப அளந்தேன். 981 வந்த பிறகு அளக்கவில்லை.

மே 20

நேற்றையதற்கு எதிர் உதாரணம், சுருக்கமாக. 2011-ல் ஜெனீவா பக்கத்துச் செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு 730 கி.மீ. போன நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முன்னால் வந்துவிட்டதாக அளந்தார்கள். பதினைந்தாயிரத்துக்கு மேல் நிகழ்வுகள், புள்ளியியல் எல்லாம் கனகச்சிதம். எதிர்பார்க்காத எண் என்பதால் உலகமே தேடியது. கடைசியில் ஒரு ஃபைபர் கேபிள் சரியாகத் திருகப்படாமல் இருந்தது.

கேபிளை அசைத்துப் பாருங்கள் என்று டிவி மெக்கானிக் முதலில் சொல்வது இதைத்தான்.

மே 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்தார். அம்மா கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போக உலர்த்தி, லேபிலேயே வைத்து ஒரே நேரத்தில் இரண்டும் பார்த்தாராம். மெஷின் 131, லேப் 124. ஆறு சதவீதத்துக்குள். டாக்டர் மறுபடி ஒரு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பேத்திக்கு மாம்பழம் இப்போது அப்பா நறுக்குகிறார்.

கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒரு சின்ன பாட்டில் கிடைக்கும், ரத்தத்துக்குப் பதிலாக அதில் ஒரு சொட்டு ஸ்ட்ரிப்பில் விட்டால் டப்பாவில் போட்டிருக்கும் எல்லைக்குள் எண் வர வேண்டும் என்று அவருக்குச் சொன்னேன். ஊருக்கு உபதேசம் செய்கிறோமே என்று என் மெஷினையும் எடுத்துச் சோதித்தேன். எல்லைக்குள் அழகாக வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகி இரண்டு வருடம்.